இருபத்திரண்டு எழுத்து ஆர்என்ஏ ஒரு புரதத்தை எப்படி அடக்குகிறது?

கேள்வி இதுதான்: "ஆர்என்ஏ என்றால் புரதம் தயாரிக்க உதவுவது என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது சின்ன ஆர்என்ஏக்கள் புரதம் தயாராவதைத் தடுக்கின்றன என்கிறார்கள், அதற்கு நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்கள். இருபது சொச்சம் எழுத்து உள்ள ஒரு துண்டு எப்படி ஒரு புரதத்தையே நிறுத்தும்? மைக்ரோ ஆர்என்ஏ, எஸ்ஐ ஆர்என்ஏ என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா வேறா? அப்புறம், இந்தச் சின்ன ஆர்என்ஏக்களை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். (எழுத்து என்பது ஆர்என்ஏ சங்கிலியின் ஒரு கண்ணி; ஏ, யூ, ஜி, சி என்று நான்கு வகை.) அந்தச் சின்னத் துண்டு தனியாக எதையும் நிறுத்துவதில்லை. அது ஒரு விலாசச் சீட்டு, அவ்வளவுதான். அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு செல் முழுக்க அலைகிற ஒரு புரதம் இருக்கிறது, பெயர் ஆர்கோநாட். சீட்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிற தூது ஆர்என்ஏவை, அதாவது புரதம் தயாரிப்பதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து சுமந்துவரும் நகலை, கண்டால் ஆர்கோநாட் அங்கே உட்கார்ந்துகொள்ளும், ஆட்களைக் கூப்பிடும், அல்லது தானே வெட்டிப்போடும். விலாசம் மட்டும் ஆர்என்ஏவினுடையது, வேலை எல்லாம் புரதங்களுடையது. இதைப் பிடித்துக்கொண்டால் உங்களுடைய மற்ற கேள்விகளுக்கு வழி தானாகத் திறக்கும்.

தூது ஆர்என்ஏவின் உடலமைப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் பள்ளிப் பாடத்தில் அதன் நடுப்பகுதியை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு முனையில் தொப்பி மாதிரி ஓர் அமைப்பு. அதன் பிறகு, புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதி. புரதத்தைக் கட்டும் இயந்திரமான ரைபோசோம் படிப்பது இதைத்தான். அது முடிந்த பிறகும் ஆர்என்ஏ முடிவதில்லை. எந்த அமினோ அமிலத்துக்கும் குறிப்பாக இல்லாத ஒரு பகுதி, சில சமயம் ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளத்துக்கு, சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் ஏ-ஏ-ஏ-ஏ என்று ஒரே எழுத்தால் ஆன வால், நம் செல்களில் ஆரம்பத்தில் சுமார் இருநூறு எழுத்து நீளம். தொப்பியும் வாலும் இருக்கும்வரை அந்தத் தூது ஆர்என்ஏவுக்கு ஆயுள் கெட்டி. ரைபோசோம் வந்து ஏறுவதற்கும் இரண்டும் உதவுகின்றன. நடுவில் "சும்மா" தொங்குகிறது என்றேனே, அந்த மொழிபெயர்க்கப்படாத பகுதியில்தான் சின்ன ஆர்என்ஏக்கள் வந்து உட்காரும் இடங்கள் பெரும்பாலும் இருக்கின்றன.

இதை முதலில் கண்டுபிடித்தது ஒரு புழுவில். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. அதில் லின்-4 என்ற மரபணு பழுதானால், புழு முதல் லார்வாப் பருவத்தின் வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும், வளர்ச்சி அடுத்த கட்டத்துக்கு நகராது. முட்டையிடும் வாய் உருவாகாததால் குஞ்சுகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, புழுக்கள் நிரம்பிய பை போல ஆகிவிடும். லின்-14 என்ற இன்னொரு மரபணு பழுதானால் நேர் எதிர்: முதல் பருவத்தைத் தாண்டிக் குதித்துவிடும். லின்-4, லின்-14ஐ அடக்குகிறது என்பது மரபியல் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. எப்படி அடக்குகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் ஒரே ஆய்வகத்தில் (ராபர்ட் ஹார்விட்ஸிடம்) முதுமுனைவர் ஆய்வு செய்தவர்கள், பிறகு ஆளுக்கொரு ஆய்வகம் வைத்துக்கொண்டு ஒருவர் லின்-4 பின்னாலும் மற்றவர் லின்-14 பின்னாலும் போனார்கள். ஆம்ப்ரோஸ் தரப்பு லின்-4 மரபணுவைச் சுருக்கிச் சுருக்கித் தேடிக்கொண்டே போனால், கடைசியில் அது எந்தப் புரதத்தையும் தயாரிக்கவில்லை. அதிலிருந்து வந்தது இரண்டே இரண்டு துண்டு ஆர்என்ஏ, ஒன்று 61 எழுத்து, மற்றது 22 எழுத்து. ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் இருவரும்தான் ஆய்வகத்தில் கையால் இந்த வேலையைச் செய்தவர்கள், பரிசுச் செய்திகளில் அவர்கள் பெயர் அவ்வளவாக வராததால் இங்கே சொல்கிறேன். ரவ்கன் தரப்பு, லின்-14 தூது ஆர்என்ஏவின் அந்தத் தொங்கும் பகுதியை நீக்கிவிட்டால் லின்-4இன் கட்டுப்பாடு எடுபடுவதில்லை என்று கண்டது. 1992இல் இருவரும் தங்களிடமிருந்த எழுத்து வரிசைகளைப் பகிர்ந்து ஒப்பிட்டார்கள். 22 எழுத்துத் துண்டு, லின்-14இன் தொங்கும் பகுதியில் ஏழு இடங்களில் ஓரளவு ஒட்டிப் பொருந்தியது. ஓரளவு என்பதைக் கவனியுங்கள், எந்த இடத்திலும் முழுப் பொருத்தம் இல்லை. 1993இல் 'செல்' இதழில் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக வந்தன.

உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. புழுவுக்கே உரிய ஏதோ ஒரு விநோதம் என்று ஓரங்கட்டிவிட்டார்கள், ஏழு வருடம். 2000இல் ரவ்கன் ஆய்வகம் லெட்-7 என்ற இரண்டாவது சின்ன ஆர்என்ஏவைக் கண்டுபிடித்தது. அது ஈயில் இருந்தது, மீனில் இருந்தது, மனிதனிலும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருடமே மூன்று ஆய்வகங்கள் கூடை கூடையாக இவற்றை எடுத்துப் போட்டன, மைக்ரோ ஆர்என்ஏ என்ற பெயரும் அப்போது வந்ததுதான். ஆம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் நோபல் 2024இல்.

சரி, இந்தத் துண்டு எப்படித் தயாராகிறது? வழக்கமான மரபணு போலவே டிஎன்ஏவிலிருந்து ஒரு நீண்ட ஆர்என்ஏ படியெடுக்கப்படும். அதில் ஒரு பகுதி தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவத்தில் நிற்கும். செல்லின் உட்கருவுக்குள்ளேயே ட்ரோஷா என்ற நொதி அந்தக் கொண்டை ஊசியை அடியோடு நறுக்கி எடுக்கும், அப்போது சுமார் எழுபது எழுத்து. எக்ஸ்போர்டின்-5 என்ற புரதம் அதை உட்கருவுக்கு வெளியே கொண்டுவரும். வெளியே டைசர் என்ற இன்னொரு நொதி, முனையைப் பிடித்து அளந்து, வளைவான தலையை வெட்டிவிடும். மிஞ்சுவது சுமார் 22 எழுத்து நீளமுள்ள இரட்டை இழை. இந்த இரட்டை இழை ஆர்கோநாட்டுக்குள் போகும்போது ஓர் இழை தங்கும், மற்றது வெளியே போய்ச் சிதையும். எது தங்கும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு: 5' முனை என்று சொல்கிற ஆரம்ப முனை எந்த இழையில் தளர்வாகப் பிணைந்திருக்கிறதோ, பெரும்பாலும் அந்த இழைதான் உள்ளே உட்காரும்.

ஆர்கோநாட் என்ற பெயரைப் பற்றி ஒரு சின்ன விலகல். கிரேக்கக் கதையின் கப்பலோட்டிகள் என்று நினைப்பீர்கள். 1998இல் அரபிடாப்சிஸ் செடியில் இந்த மரபணு பழுதானபோது இலைகள் குழாய் குழாயாகச் சுருண்டு, பார்ப்பதற்கு ஆர்கோனாட்டா என்ற சின்ன ஆக்டோபஸ் மாதிரி இருந்ததாம். அதனால் வைத்த பெயர். அந்தச் செடிக்கும் புழுவுக்கும் ஒரே இயந்திரம்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: விலாசம் எப்படிப் படிக்கப்படுகிறது? 22 எழுத்து முழுதும் பொருந்த வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். விலங்குகளில் அப்படி இல்லை. ஆர்கோநாட் தன் சீட்டின் முதல் எழுத்தைத் தன்னுடைய ஒரு குழிக்குள் மடித்து வைத்துக்கொள்கிறது, அது விலாசத்தில் சேராது. இரண்டாவதிலிருந்து ஏழாவது அல்லது எட்டாவது வரையுள்ள எழுத்துகளை மட்டும், பிணைவதற்கு ஏற்ற வடிவத்தில் வெளியே நீட்டிப் பிடித்திருக்கும். இதற்கு விதைப் பகுதி என்று பெயர். லெட்-7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரிசை யூ-ஜி-ஏ-ஜி-ஜி-யூ-ஏ-ஜி என்று ஆரம்பிக்கும். முதல் யூவை விட்டுவிட்டால் விதை ஜி-ஏ-ஜி-ஜி-யூ-ஏ-ஜி. ஏவுக்கு யூ, ஜிக்கு சி என்று இணை சேர்த்து, இழை எதிர்த்திசையில் ஓடுவதால் திருப்பியும் எழுதினால் சி-யூ-ஏ-சி-சி-யூ-சி. ஒரு தூது ஆர்என்ஏவின் தொங்கும் பகுதியில் இந்த ஏழு எழுத்து வரிசை இருந்தால், அது லெட்-7க்கு இலக்காக வாய்ப்பு உண்டு. மற்ற பதினான்கு எழுத்துகள் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு விளைவு உடனே தெரியும். நான்கு எழுத்துகளை வைத்து ஏழு இடத்தை நிரப்பினால் மொத்தம் 16,384 சேர்க்கைகள்தான். தொங்கும் பகுதிகள் நீளமானவை, ஆகவே ஒரே விதை நூற்றுக்கணக்கான தூது ஆர்என்ஏக்களில் பொருந்திவிடும். மனிதனின் புரத மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு மைக்ரோ ஆர்என்ஏவின் இலக்காகப் பரிணாமத்தில் காப்பாற்றப்பட்டு வந்திருப்பதாகத் தெரிகிறது. ஒரு மைக்ரோ ஆர்என்ஏவுக்குப் பல இலக்கு, ஓர் இலக்குக்குப் பல மைக்ரோ ஆர்என்ஏ. இணையத்தில் "இந்த மைக்ரோ ஆர்என்ஏ இந்த நோயின் காரணம்" என்று ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டு வருகிற படங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். கணினியில் விதையைத் தேடினால் இலக்குப் பட்டியல் நீளமாக வரும், அதில் எத்தனை உண்மையில் செல்லுக்குள் வேலை செய்கிறது என்பது தனிக் கதை.

உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது? ஆர்கோநாட் தனியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அது ஜிடபிள்யூ182 என்ற நீண்ட, தளர்ந்த கயிறு போன்ற புரதத்தைப் பிடித்து இழுத்துவரும். அந்தக் கயிற்றின் ஒரு பக்கம் ஆர்கோநாட்டோடு, மறுபக்கம் சிசிஆர்4-நாட் என்ற நொதிக் கூட்டத்தோடு. இந்தக் கூட்டத்தின் வேலை வாலைக் கத்தரிப்பது. நான் மேலே சொன்ன ஏ-ஏ-ஏ வால் முனையிலிருந்து தேயத் தொடங்கும். வால் குட்டையானதும் வேறு நொதிகள் வந்து தொப்பியைக் கழற்றும். தொப்பி போன தூது ஆர்என்ஏவை எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி முன்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தின்றுகொண்டே போகும். இது நடந்துகொண்டிருக்கும்போதே, ரைபோசோம் புதிதாக ஏறுவதும் தடைபடுகிறது. ஆகவே இரண்டு வழி: படிப்பதைத் தடுப்பது, படிக்க வேண்டிய தாளையே அழிப்பது.

இரண்டில் எது முக்கியம் என்று பல வருடம் சண்டை நடந்தது. ரவ்கன் தரப்பு ஆரம்பத்தில் பார்த்தபோது லின்-14 தூது ஆர்என்ஏ அப்படியே இருக்க, புரதம் மட்டும் குறைவதாகத் தெரிந்தது, அதனால் "படிப்பதைத் தடுக்கிறது" என்பதே பாடமாகிவிட்டது. பழைய பாடநூல்களில் இன்னும் அப்படித்தான் இருக்கும். பிறகு டேவிட் பார்டெல் ஆய்வகம் 2010இல், ரைபோசோம்கள் எந்தத் தூது ஆர்என்ஏமேல் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தது. பாலூட்டிச் செல்களில், புரத உற்பத்தியில் ஏற்பட்ட குறைவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், தூது ஆர்என்ஏ அழிந்ததால் வந்ததுதான். ஆனால் வரிசை வேறு: தடுப்பது முதலில், அழிப்பது பின்னால். வரிக்குதிரை மீனின் இளங்கருவில் முதல் சில மணி நேரம் தடுப்பு மட்டுமே தெரியும், அழிவு பிறகுதான் தெரியும். எனவே யாராவது ஒன்றை மட்டும் அடித்துச் சொன்னால், எந்தச் செல்லில், எத்தனை மணி நேரம் கழித்து என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது எஸ்ஐ ஆர்என்ஏ. இயந்திரம் அதே இயந்திரம்தான், சீட்டு வந்த வழி வேறு, பொருத்தத்தின் அளவு வேறு. நம் உடலின் நான்கு ஆர்கோநாட்களில் இரண்டாவது எண் கொண்டது மட்டும், சீட்டு முழுநீளத்துக்கும் பொருந்தினால், இலக்கை நேராக வெட்டிவிடும். எங்கே வெட்டும் என்பதும் துல்லியம்: சீட்டின் பத்தாவது, பதினோராவது எழுத்துகளுக்கு எதிரே. வெட்டிவிட்டு அடுத்த இலக்கைத் தேடிப் போய்விடும், ஒரே சீட்டு பல முறை வேலை செய்யும். மைக்ரோ ஆர்என்ஏ செல்லின் சொந்த மரபணுவிலிருந்து கொண்டை ஊசி வழியாக வருவது. எஸ்ஐ ஆர்என்ஏ பெரும்பாலும் நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏவிலிருந்து, வைரஸ் வழியாகவோ ஆராய்ச்சியாளர் கையாலோ வருவது. ஆனால் நடுக்கோடு அவ்வளவு கறாரானது இல்லை. செடிகளின் மைக்ரோ ஆர்என்ஏக்கள் பெரும்பாலும் இலக்கோடு ஏறத்தாழ முழுதும் பொருந்தி, வெட்டவும் செய்கின்றன. ஆராய்ச்சிக்காகப் போடும் எஸ்ஐ ஆர்என்ஏவும், விதை மட்டும் பொருந்துகிற வேறு நூறு தூது ஆர்என்ஏக்களை மைக்ரோ ஆர்என்ஏ போலவே லேசாகத் தட்டிவைக்கும், நாம் கேட்காமலே. "இலக்கு தவறிய விளைவு" என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் இதுதான்.

இந்த வெட்டும் பாதை தெரியவந்த விதமும் சுவாரசியம். 1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க, நிறமிக்கான மரபணுவைக் கூடுதலாக ஒன்று செருகினார்கள். பூ வெள்ளையாகப் போய்விட்டது. போட்டதும் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததும் வாயை மூடிக்கொண்டது. 1995இல் புழு ஆராய்ச்சியாளர்களுக்கு வேறு குழப்பம்: ஒரு மரபணுவை அடக்க, அதன் தூது ஆர்என்ஏவோடு இணைசேரும் எதிர் இழை ஆர்என்ஏவை ஊசியில் செலுத்தினால் அடங்குகிறது, சரி, ஒப்பீட்டுக்காக, தூது ஆர்என்ஏவைப் போலவே உள்ள நேர் இழையைச் செலுத்தினாலும் அடங்குகிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபையரும் கிரெய்க் மெல்லோவும், இரண்டு இழையும் சேர்ந்த இரட்டை இழைதான் உண்மையான ஆள், ஒற்றை இழைத் தயாரிப்புகளில் கலந்திருந்த கொஞ்சம் இரட்டை இழைதான் இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது என்று காட்டினார்கள். தசைப் புரதம் ஒன்றின் மரபணுவுக்கு இரட்டை இழையைச் செலுத்தியதும் புழு துடிதுடித்தது, ஒற்றை இழைக்கு அவ்வளவு இல்லை. 2006 நோபல் இதற்கு. பாலூட்டிச் செல்களில் நீண்ட இரட்டை இழையைப் போட்டால், வைரஸ் வந்துவிட்டது என்று செல் அலறி இண்டர்ஃபெரான் எதிர்ப்பைக் கிளப்பிவிடும். 2001இல் தாமஸ் டுஷல் ஆய்வகம், 21 எழுத்துத் துண்டுகளாகவே கொடுத்தால் அந்த அலறல் இல்லாமல் காரியம் நடக்கிறது என்று காட்டியது. உலகெங்கும் ஆய்வகங்களில் இது அன்றாட வேலையானது அதன் பிறகு.

அந்த அன்றாட வேலையில் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன், கேள்விக்கும் பொருந்தும். முதன்முதலாக எஸ்ஐ ஆர்என்ஏ போட்ட சோதனையில் மறுநாள் தூது ஆர்என்ஏவை அளந்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, ஒரே மகிழ்ச்சி. அதே செல்களில் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பார்த்தால் பட்டை அப்படியே தடிமனாக இருக்கிறது, ஒரு குறைவும் இல்லை. புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி சரியில்லை என்று நினைத்து இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு மூத்த சக ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "புது உற்பத்தியைத்தானே நிறுத்தினாய், ஏற்கெனவே செய்துவைத்த புரதம் எங்கே போகும்?" என்று கேட்டார். அந்தப் புரதம் செல்லுக்குள் நாள்கணக்கில் நிலைத்து நிற்கிற வகை. மூன்றாம் நாள் வரை காத்திருந்து பார்த்தபோது பட்டை மெலிந்திருந்தது. சின்ன ஆர்என்ஏ குழாயை மூடுகிறது, தொட்டியை அது காலி செய்வதில்லை. தொட்டி எவ்வளவு வேகமாக வடிகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் பலன் தெரியும். (அதற்கு முன்பு ஒரு முறை கையுறை இல்லாமல் குழாய்களைத் தொட்டதில் ஆர்என்ஏவே சிதைந்துபோன கதையும் உண்டு. நம் விரல்களில் ஆர்என்ஏவைத் தின்னும் நொதி எப்போதும் இருக்கிறது.)

சரி, மைக்ரோ ஆர்என்ஏ எவ்வளவு அடக்கும்? இங்கேதான் செய்திகளுக்கும் அளவீட்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. "மரபணுவை அணைக்கும் சுவிட்ச்" என்று எழுதுகிறார்கள். 2008இல் இரண்டு ஆய்வகங்கள் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளந்து பார்த்தன. ஒரு மைக்ரோ ஆர்என்ஏவைச் சேர்த்தாலோ நீக்கினாலோ பெரும்பாலான இலக்குப் புரதங்கள் மாறியது இரண்டு மடங்குக்குள்தான், பலவற்றில் அதிலும் குறைவு. என் கணிப்பில் இதை ஒலி அளவுத் திருகு என்று சொல்வதே பொருத்தம். லின்-14 மாதிரி ஏழு இடங்கள் ஒரே தூது ஆர்என்ஏவில் வரிசையாக அமைந்தால் சத்தம் கிட்டத்தட்ட அணைந்துவிடும், ஓர் இடம் மட்டும் இருந்தால் லேசாக இறங்கும்.

லேசாக இறங்கினால் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். டெக்செல் என்ற ஆட்டினத்தைப் பாருங்கள், தசைப் பிடிப்புக்குப் பேர்போனது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம் மயோஸ்டாட்டின். டெக்செல் ஆட்டில் அந்தப் புரதத்தின் குறிப்பில் ஒரு மாற்றமும் இல்லை, ஓர் அமினோ அமிலம்கூடப் பிசகவில்லை. தொங்கும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து, ஜி இருந்த இடத்தில் ஏ. அந்த ஒரே மாற்றத்தால், தசையில் ஏராளமாக இருக்கும் மிர்-1, மிர்-206 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கும் புதிதாக ஒரு விலாசம் உருவாகிவிட்டது. மயோஸ்டாட்டின் குறைகிறது, கடிவாளம் தளர்கிறது, தசை புடைக்கிறது. 2006இல் வெளிவந்த இந்த ஆய்வைத்தான் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது வழக்கம், ஏனென்றால் புரதக் குறிப்பை மட்டும் பார்க்கிற பழக்கத்தை இது ஒரே அடியில் உடைத்துவிடும். மனிதர்களில் எதிர்ப்பக்க உதாரணம் உண்டு: மிர்-96இன் விதைப் பகுதியில் ஓர் எழுத்து மாறிய குடும்பங்களில் வயது ஏற ஏறக் காது கேட்காமல் போகிறது. ஆட்டில் விலாசம் எழுதப்பட்ட கதவு மாறியது, இங்கே கையிலிருந்த சீட்டு மாறியது.

புற்றுநோயோடும் தொடர்பு உண்டு. நாள்பட்ட நிணநீர் வெள்ளணுப் புற்று வகையில் 13ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி பலருக்கும் காணாமல் போயிருக்கும். அங்கே புரத மரபணு எதையோ தேடித் தேடி அலுத்துப்போனார்கள், 2002இல் பார்த்தால் அங்கே இருந்தது மிர்-15, மிர்-16. செல் சாகாமல் தடுக்கும் பிசிஎல்2 என்ற புரதத்தை அவை அடக்கிவைத்திருந்தன. அவை போனதும் செல் சாக மறுக்கிறது.

பாக்டீரியாவிலும் சின்ன ஆர்என்ஏ உண்டு, ஆனால் ஆட்டவிதி வேறு, ஆர்கோநாட்டும் டைசரும் இந்தக் கதையில் இல்லை. துண்டுகளும் நீளம், ஐம்பது முதல் சில நூறு எழுத்துகள். ஈ-கோலையில் இரும்பு குறைந்தால் ஆர்ஒய்எச்பி என்ற 90 எழுத்து ஆர்என்ஏ தயாராகும். அது எச்எஃப்க்யூ என்ற புரதத்தின் துணையோடு, இரும்பு தேவைப்படும் புரதங்களின் தூது ஆர்என்ஏமேல், ரைபோசோம் கால்வைக்கும் இடத்திலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். ரைபோசோம் ஏற இடமில்லை, அந்தத் தூது ஆர்என்ஏவும் பிறகு நறுக்கப்பட்டுவிடும். கையிருப்பு இரும்பு அத்தியாவசியப் புரதங்களுக்கு மிஞ்சும். எல்லாப் பாக்டீரியச் சின்ன ஆர்என்ஏவும் அடக்குவதில்லை, டிஎஸ்ஆர்ஏ என்று ஒன்று, மடிந்து மூடிக்கிடக்கும் தூது ஆர்என்ஏவை விரித்துவிட்டு உற்பத்தியைக் கூட்டுகிறது. ஆரம்பத்தில் தெரியவந்தவற்றில் ஒன்றான மிக்-எஃப் 1984லேயே வெளிவந்தது, அதாவது லின்-4க்கு ஒன்பது வருடம் முன்னால். இரண்டு உலகமும் ஒன்றையொன்று வெகுநாள் கண்டுகொள்ளவில்லை.

நம் உடலிலும் விதிவிலக்கு இருக்கிறது. கல்லீரலில் மிகுதியாக உள்ள மிர்-122, ஹெப்படைட்டிஸ் சி வைரஸின் ஆர்என்ஏ முன்முனையில் உட்கார்ந்து, அதைச் சிதையாமல் காப்பாற்றுகிறது. வைரஸ் நம் மைக்ரோ ஆர்என்ஏவையே குடையாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் குடையைப் பிடுங்கும் மருந்தை நோயாளிகளிடம் சோதித்தபோது வைரஸ் அளவு இறங்கியது. ஆனால் வைரஸை நேராகத் தாக்கும் மாத்திரைகள் அதற்குள் சிறப்பாக வந்துவிட்டதால் இது முன்னேறவில்லை.

மருந்து என்று வந்தால் இதுவரை ஜெயித்தது எஸ்ஐ ஆர்என்ஏ பக்கம்தான். 2018இல் பட்டிசிரான் முதலாவதாக அனுமதி பெற்றது, டிரான்ஸ்தைரட்டின் என்ற புரதம் பிசகி நரம்புகளில் படியும் பரம்பரை நோய்க்கு. பிறகு இன்க்ளிசிரான்: பிசிஎஸ்கே9 என்ற புரதத்தின் உற்பத்தியைக் குறைத்து, கெட்ட கொழுப்பைச் சுமார் பாதியாக இறக்குகிறது. ஆரம்பத்தில் ஓர் ஊசி, மூன்று மாதத்தில் ஒன்று, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆறு மாதம் எப்படித் தாங்குகிறது என்றால், எழுத்துகளை வேதிமுறையில் மாற்றி நொதிகளிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள், செல்லுக்குள் பைகளில் அடைபட்டது மெல்லக் கசிகிறது, ஆர்கோநாட்டுக்குள் உட்கார்ந்த சீட்டும் நெடுநாள் நிற்கிறது. ஒரே சீட்டு பல முறை வெட்டும் என்று மேலே சொன்னது இங்கே கைகொடுக்கிறது.

இந்த வகை மருந்துகளில் ஏன் பெரும்பாலும் கல்லீரல் என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஆர்என்ஏ பெரிய மூலக்கூறு, மின்னேற்றம் கொண்டது, செல் சவ்வைத் தானாகத் தாண்டாது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் ஏராளம், அந்தச் சர்க்கரையை மருந்தின் வாலில் கட்டிவிட்டால் அதுவே உள்ளே எடுத்துக்கொள்ளும். மூளைக்கும் தசைக்கும் அவ்வளவு வசதியான கொக்கி இல்லை. மைக்ரோ ஆர்என்ஏவையே மருந்தாகக் கொடுக்கிற முயற்சியும் நடந்தது, மிர்-34இன் நகலைப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகள் வந்ததால் 2016இல் நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கான இலக்குள்ள ஒன்றை மருந்தாக்குவது, ஒரே இலக்குள்ள எஸ்ஐ ஆர்என்ஏவைவிடச் சிக்கலானது என்பது என் எண்ணம்.

கடைசிக் கேள்வி, சின்ன ஆர்என்ஏவை யார் கட்டுப்படுத்துகிறார்கள். பல கட்டங்களில் பலர். லெட்-7ஐயே எடுத்துக்கொண்டால், கருவின் ஆரம்பச் செல்களில் லின்28 என்ற புரதம் அதன் கொண்டை ஊசியின் தலையைப் பிடித்துக்கொண்டு டைசரை நெருங்க விடாது, அதனால் மரபணு இயங்கினாலும் முதிர்ந்த லெட்-7 இருக்காது. செல் முதிர்ந்து லெட்-7 சேர்ந்ததும், அது லின்28இன் தூது ஆர்என்ஏவையே அடக்கும். யார் முந்துகிறாரோ அவர் கை ஓங்கும், நடுவில் நிற்க இடமில்லை.

ஆர்கோநாட்டுக்குள் பத்திரமாக இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ பொதுவாக நாள்கணக்கில் வாழும். அதை அழிக்க ஒரு வழி உண்டு, அது நான் இதுவரை சொன்னதற்குத் தலைகீழ். சில நீண்ட ஆர்என்ஏக்கள், மைக்ரோ ஆர்என்ஏவின் விதையோடு மட்டும் ஒட்டாமல் அதன் பின்முனையோடும் விரிவாக ஒட்டும்படி அமைந்திருக்கின்றன. அப்படி ஒட்டும்போது ஆர்கோநாட்டின் வடிவம் பிசகுகிறது. இசட்ஸ்விம்8 என்ற புரதம் அதைக் கண்டுகொண்டு ஆர்கோநாட்டின் மேல் அழிவு முத்திரை குத்துகிறது. ஆர்கோநாட் சிதைக்கப்பட, உள்ளே இருந்த சீட்டு வெளியே விழுந்து நொதிகளுக்கு இரையாகிறது. இந்த முத்திரை குத்தும் ஆளைக் கண்டுபிடித்ததே 2020இல்தான். மூளையில் சைரானோ என்ற நீண்ட ஆர்என்ஏ மிர்-7ஐ இப்படித்தான் தீர்த்துக்கட்டுகிறது. அங்கே விலாசம் தேடிப் போனவர் திரும்பி வருவதில்லை.